ரைட்டியா சிரிகித்தியே: சுண்ணாம்புக் குன்றின் வெண்பூப் புதர் ஒன்று பெயர் பெற்ற நிகழ்வு

தாய்லாந்துத் தாவரநூல் வரிசையின் 7ஆம் தொகுதியில் முதற்பகுதி 1999ஆம் ஆண்டு வெளிவந்தது. அரளி, நந்தியாவட்டை, அலமண்டா முதலியவை அடங்கிய அப்போசைனேசியே குடும்பத்தை முழுமையாகப் பேசும் அந்தப் பகுதியை எழுதியவர் டேவிட் மிடில்டன். ஒரு நாட்டில் ஒரு குடும்பத்தைச் சேர்ந்த தாவரங்கள் எவை, ஒன்றிலிருந்து மற்றொன்றை எப்படிப் பிரித்தறிவது என்பதைப் பல உலர்தாவரகங்களின் (உலர்த்திய தாவர மாதிரிகளைச் சேமித்து வைக்கும் நிலையங்களின்) மாதிரிகளை ஒப்பிட்டு எழுதும் இத்தகைய நூல் வந்துவிட்டால், அக்குடும்பத்தைப் பொறுத்தவரை ஒரு தலைமுறைக்கு வேலை முடிந்தது என்றே வெளியிலிருந்து பார்ப்பவர்கள் எண்ணுவார்கள். ஆனால், 2001ஆம் ஆண்டிலேயே, அதே மிடில்டன் தாய்லாந்துத் தாவரவியலாளர் தவச்சாய் சந்திசுக்குடன் சேர்ந்து, அதே நாட்டிலிருந்து, அதே குடும்பத்தில் ஒரு புதிய சிற்றினத்தைத் தாய் ஃபாரஸ்ட் புல்லட்டின் இதழில் விவரித்தார். சுண்ணாம்புக்கல் குன்றுகளில் வளரும், வெண்ணிறப் பூக்கள் கொண்ட, புதராகவோ சிறு மரமாகவோ நிற்கும் அத்தாவரத்துக்கு ரைட்டியா சிரிகித்தியே என்று பெயர் சூட்டப்பட்டது. தாய்லாந்து அரசி சிரிகித்தின் பெயர் அது. அந்நாட்டு மக்கள் அதை மோக் ராச்சினி என்கிறார்கள். தாய்லாந்துக்கு வெளியே அது இயற்கையாக வளர்வதில்லை.

குடும்பத்தை அவ்வளவு நுணுக்கமாக அறிந்த ஒருவர் தொகுதியை முடித்த கையோடு இப்படிப் புதிதாக ஒன்று வந்து சேர்வதை அந்த நூலின் குறையாக நான் கருதவில்லை. சுண்ணாம்புக் குன்றுகளின் இயல்பே அப்படிப்பட்டது. அங்கே ஒரு செடி எப்படி மறைந்திருக்கிறது, எந்தச் சான்றைக் கொண்டு அது புதியது என்று நிறுவப்படுகிறது, பெயர் கிடைத்த பின் அதற்கு என்ன நேரக்கூடும் என்பவற்றை இந்த நிகழ்வை வைத்துப் பார்க்கலாம். சிங்கப்பூரில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்கும் காரணம் இருக்கிறது. இவ்வட்டாரச் சுண்ணாம்புக் குன்றுகளைப் பற்றிய அறிவில் கணிசமான பகுதி நம் பூமலையின், அதாவது சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின், அலமாரிகளிலும் அதன் ஆய்விதழின் பக்கங்களிலும்தான் சேர்ந்திருக்கிறது. மிடில்டனும் பின்னாளில் பூமலை உலர்தாவரகத்தின் பொறுப்பாளராகப் பணியாற்றியவரே.

பேரினம்

ரைட்டியா தமிழர்களுக்கு அந்நியமான பேரினம் அன்று. வெட்பாலை என்று சித்த மருத்துவத்திலும் நாட்டு மருந்துக் கடைகளிலும் அறியப்படும் மரம் ரைட்டியா டிங்டோரியாதான். இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து வெயிலில் காய்ச்சினால் எண்ணெய் கருநீலமாக மாறுவதைப் பார்த்தவர்கள் நம்மில் பலர் இருப்பார்கள். சன்னபட்டணத்து மரப்பொம்மைகள் கடையப்படுவதும் இம்மரத்தின் வெளிறிய, இழைப்புக்கு இணங்கும் கட்டையில்தான். ஸ்காட்லாந்து மருத்துவரும் தாவரவியலாளருமான வில்லியம் ரைட்டின் நினைவாக ராபர்ட் பிரவுன் 1810ஆம் ஆண்டில் இப்பேரினத்துக்குப் பெயரிட்டார். ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா, தென்கிழக்காசியா வழியாக ஆஸ்திரேலியா வரை இது பரவியுள்ளது. பேரினம் முழுவதையும் ஒருசேர ஆராய்ந்த திருத்தநூல் 1965இல் வெளிவந்தது.

சிங்கப்பூரிலும் இரண்டு ரைட்டியாக்களை அன்றாடம் காணலாம், பெயர் தெரியாமலே பலர் தண்ணீர் ஊற்றி வளர்க்கிறார்கள். ஒன்று, சீனர் இல்லங்களிலும் பான்சாய் ஆர்வலரின் தொட்டிகளிலும் வளைத்து வளர்க்கப்படும் ரைட்டியா ரெலிஜியோசா. மெல்லிய நீண்ட காம்புகளில் தலைகவிழ்ந்து தொங்கும் சிறு வெண்பூக்களும் மாலைக் காற்றில் எழும் மணமும் அதன் அடையாளம். மற்றொன்று, ஆர்க்டிக் ஸ்னோ என்ற வணிகப் பெயரில் தாவர விற்பனையகங்களில் கிடைப்பதும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகப் (வீவக) பேட்டைகளின் நடைபாதை ஓரங்களில் வரிசையாக நடப்படுவதுமான ரைட்டியா ஆன்டிடிசென்டெரிகா. இது இலங்கைக்கே உரிய சிற்றினம்.

இவ்விரண்டின் பூக்களையும் உள்ளங்கையில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு, இந்த நிகழ்வு ஆய்வின் தொழில்நுட்பப் பகுதி பாதி புரிந்துவிடும். இரண்டிலும் ஐந்து வெள்ளை இதழ்கள். இரண்டிலும் மகரந்தப்பைகள் ஐந்தும் குவிந்து ஒரு சிறு கூம்பாகிப் பூக்குழலுக்கு வெளியே துருத்தி நிற்கும். இக்கூம்பு வெளியே தெரிவதுதான் ரைட்டியாவை அதே குடும்பத்து மருந்து மரமான குடசப்பாலையிலிருந்து (ஹோலரீனா பேரினம்) பிரிக்கும் எளிய அடையாளம். குடசப்பாலையில் மகரந்தப்பைகள் குழலுக்குள் ஒடுங்கியிருக்கும். இந்த ஓர் அடையாளத்தைப் பாராமல் இரண்டையும் குழப்பிக்கொண்டதால், குடசப்பாலைப் பட்டை கேட்ட இடத்தில் வெட்பாலைப் பட்டை கலந்து விற்கப்பட்டதும், இரண்டு பேரினங்களிலும் ஆன்டிடிசென்டெரிகா என்ற பெயர் புழங்கி நூல்களையே குழப்பியதும் நெடுநாள் வரலாறு. இனி வேறுபாட்டுக்கு வருவோம். ஆர்க்டிக் ஸ்னோவின் பூவில், கூம்பின் அடியைச் சுற்றி, இதழோடு ஒட்டியபடி, நுனி கிழிந்த மெல்லிய செதில்கள் ஒரு வளையமாக நிற்கும். பூவுக்குப் பனித்துகள் தெளித்த தோற்றத்தைத் தருவது அந்தச் செதில்களே. தாவரவியலார் அதை மகுடம் என்பார்கள். ரெலிஜியோசாவின் பூவில் மகுடம் இல்லை. இதழும் கூம்பும் மட்டுமே. மகுடம் உண்டா, உண்டென்றால் எத்தனை வரிசை, செதிலின் நுனி பிளவுபட்டதா, மகரந்தப்பையோடு ஒப்பிட்டால் உயரம் எவ்வளவு என்பவை ரைட்டியா சிற்றினங்களைப் பிரிக்கும் முதன்மைக் கேள்விகள். இலையையோ பட்டையையோ கொண்டு இவற்றுக்கு விடை சொல்ல முடியாது.

பாறை

சுண்ணாம்புக்கல் மழைநீரில் மெல்லக் கரையும். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்ட நீர் பாறையின் வெடிப்புகளில் இறங்கிக் குகைகளையும் குடைவுகளையும் உண்டாக்குகிறது. அதனால் எவ்வளவு மழை பெய்தாலும் நீர் மேற்பரப்பில் தங்குவதில்லை. சில மணி நேரத்தில் பாறை உலர்ந்துவிடும். மண் என்று சொல்லத்தக்கது வெடிப்புகளிலும் பள்ளங்களிலும் கைப்பிடி அளவாக மட்டுமே தேங்குகிறது. அம்மண்ணில் கால்சியம் மிகுதி, காரத்தன்மை மிகுதி. இரும்பும் பாஸ்பரசும் இருந்தாலும் வேர்களுக்கு எளிதில் எட்டுவதில்லை. எல்லா இடமும் அப்படியும் அல்ல: உச்சிகளில் மட்கிய இலைகள் தடிமனாகப் படிந்த இடங்களில் மழை கால்சியத்தைக் கழுவிக் கொண்டுபோய்விடுவதால் அமிலத்தன்மை கொண்ட படுகை உருவாகி, அடிவாரத்துக்கு முற்றிலும் மாறான தாவரங்கள் அங்கே வளர்வதும் உண்டு. அடிவாரச் சரிவு, செங்குத்துச் சுவர், குகை வாயின் நிழல், வெயில் காயும் உச்சி என ஒரே குன்றில் பல வாழிடங்கள் சில நூறு மீட்டருக்குள் அடுக்கப்பட்டிருக்கின்றன.

இதோடு, ஒரு குன்றுக்கும் அடுத்த குன்றுக்கும் நடுவே சமவெளி, வயல், ஊர் என்று வேறு மண் குறுக்கிடுகிறது. சுண்ணாம்புக்கல்லில் மட்டுமே நிலைகொள்ளப் பழகிய செடிக்கு அந்த இடைவெளி கடல் போன்றது. விதை கடக்காத இடத்தில் கூட்டங்கள் தனித்தனியே மாறத் தொடங்குகின்றன. தென்கிழக்காசியாவில் ஏறத்தாழ 400,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இத்தகைய சுண்ணாம்பு நிலம் இருக்கிறது. தீபகற்ப மலேசியாவில் மட்டும் 445 குன்றுகள் பதிவாகியுள்ளன. நிலப்பரப்பில் அவை 0.3 விழுக்காட்டளவே என்றாலும், 1977க்கும் 1983க்கும் இடையில் பூமலையின் ஆய்விதழில் பகுதிபகுதியாக வெளிவந்த சின் சீ சுங்கின் ஆய்வு அங்கே 1,216 கலன்தாவரச் சிற்றினங்களைக் கணக்கிட்டது. பின்னாளில் அவரே பூமலையின் இயக்குநரானார்.

பத்துமலைப் படிகளில் ஏறும் நம்மவர்களில் பெரும்பாலோர் பக்கச் சுவரில் கண்ணை ஓட்டுவதில்லை, அது இயல்புதான். ஆனால் மேக்ஸ்புரேஷியா ருப்பிகோலா என்ற சிறு பனை, பத்துமலையிலும் அருகிலுள்ள புக்கிட் தாகுன், அனாக் தாகுன் குன்றுகளிலும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. அந்தப் பேரினத்தை நிறுவியவர், நம் பூமலையில் பணியாற்றிய கோவாக்காரர் ஃபர்தாடோ, ஆண்டு 1941. மூன்றே குன்றுகள் என்பது இந்தப் பாறையில் விதிவிலக்கு அல்ல, வழக்கம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

தாய்லாந்தின் சுண்ணாம்புக் குன்றுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே வறண்ட பருவம் பல மாதங்கள் நீள்கிறது. புதர்களில் பல அப்போது இலையை உதிர்த்துவிட்டு வெறுங்குச்சிகளாக நிற்கும். பயணத்துக்கு வசதியான பருவமும் அதுவே. மழை தொடங்கியதும் பாறை வழுக்கும், அட்டை மொய்க்கும், செங்குத்துச் சரிவில் கால் வைக்க முடியாது. ஆனால் பூவைப் பார்க்க வேண்டுமானால் பெரும்பாலும் அந்த மாறுபருவத்தில்தான் போக வேண்டும். ஆகவே ஒரு சேகரிப்பாளர் ஆயிரம் முறை கடந்து போன புதரும் அடையாளமற்றதாகவே இருந்துவிட முடியும். ரைட்டியாவைப் பொறுத்தவரை, பால் வடியும் கிளை, எதிரெதிர் இலைகள், இரட்டைக் காய்கள், குடுமி வைத்த விதைகள் ஆகியவை ஏதோ ஒரு ரைட்டியா என்ற அளவுக்குக் கொண்டு சேர்க்கும். அதற்கு மேல் நகர முடியாது.

சான்று

புதிய சிற்றினம் என்ற முடிவு காட்டில் எடுக்கப்படுவதில்லை. காட்டில் எழுவது சந்தேகம் மட்டுமே. அது மேசைக்கு வரும் வழி மெதுவானது, இதை விரிவாகச் சொல்வது அவசியம் என்று கருதுகிறேன், ஏனெனில் செய்தித்தாள்களில் கண்டுபிடிப்பு என்று ஒரே வரியில் வருவதற்குள் இந்த வேலை முழுவதும் மறைந்துவிடுகிறது.

பூவும் இலையும் கொண்ட கிளையை வெட்டியதும் ரைட்டியாவில் பால் வடிந்து தாளோடு ஒட்டிக்கொள்ளும். அதைத் துடைத்து, செய்தித்தாள் மடிப்புக்குள் இலையின் மேற்புறம் ஒன்றும் கீழ்ப்புறம் ஒன்றும் தெரியும்படி பரப்பி, அழுத்திக் கட்டி, வெப்பத்தில் உலர்த்த வேண்டும். ஆனால் இப்படி உலரும் பூவில் மகுடச் செதில்கள் சுருங்கி இதழோடு ஒட்டிப்போகும். முழுக் கேள்வியும் அந்தச் செதிலில் இருக்கும்போது இது பெரிய இழப்பு. எனவே சில பூக்களைத் தனியே சாராயக் கரைசலில் போட்டு வைப்பது இக்குடும்பத்தை ஆராய்பவர்களின் வழக்கம். பழைய மாதிரிகளில் சாராயத்தில் வைத்த பூ இருக்காது. அப்போது உலர்ந்த பூ ஒன்றை, மாதிரியைப் பாழாக்காதபடி அனுமதி பெற்று எடுத்து, நீரில் சிறிது சோப்புத் துளி விட்டுக் கொதிக்கவைத்து, அது மீண்டும் மெத்தென்று விரிந்ததும் நுண்ணோக்கியின் கீழ் ஊசியால் குழலைக் கீறித் திறக்கிறார்கள். நூறாண்டுக்கு முன் உலர்ந்த பூவும் சில நிமிடங்களில் விரிந்துகொடுக்கும். செதிலின் நீளம், மகரந்தப்பையின் முதுகில் உள்ள மயிர், சூல்பையின் இரு பகுதிகளும் இணைந்தவையா பிரிந்தவையா என்பனவெல்லாம் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து எழுதப்படுகின்றன.

பிறகு ஒப்பீடு. அக்கம்பக்கத்து நாடுகளில் பதிவான ஒவ்வொரு ரைட்டியாவின் வகைமாதிரியோடும் வைத்துப் பார்க்க வேண்டும். வகைமாதிரி என்பது ஒரு பெயர் எந்தத் தாவரத்துக்கு உரியது என்பதை என்றென்றைக்கும் நிலைநிறுத்தும் ஒற்றை மாதிரி. அவை இலண்டன், பாரிஸ், பேங்காக், சிங்கப்பூர் என்று சிதறிக் கிடக்கின்றன. ஒரு குடும்பத்தின் தேசியத் தொகுதியை எழுதி முடித்தவரிடம் இந்த ஒப்பீட்டுத் தகவல் முழுவதும் ஏற்கெனவே மேசையில் இருக்கிறது. 1999க்கும் 2001க்கும் இடைப்பட்ட குறுகிய இடைவெளியை நான் இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்: தொகுதி எழுதப்பட்டிராவிட்டால், புதிய மாதிரி ஒன்று வந்து சேர்ந்தாலும் அது புதியது என்று யாராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. முழுமையான நூல் வெளிவந்த பிறகே விடுபட்டவை கண்ணில் படத் தொடங்குகின்றன. பின்னர் தாய்லாந்திலிருந்தே ரைட்டியா கரகேத்தி, ரைட்டியா பூமே போன்ற வேறு சிற்றினங்களையும் மிடில்டன் விவரித்தது இந்த எண்ணத்துக்கு வலுச்சேர்க்கிறது.

வேகத்தைப் பற்றி ஒரு கணக்கு உண்டு. 2010ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வொன்று, புதிதாக விவரிக்கப்படும் பூக்கும் தாவரங்களில் 16 விழுக்காடு மட்டுமே முதன்முதலில் சேகரிக்கப்பட்ட ஐந்து ஆண்டுகளுக்குள் பெயர் பெறுகின்றன என்றும், ஏறத்தாழ நான்கில் ஒன்றின் விவரிப்பில் ஐம்பது ஆண்டுக்கும் பழைய மாதிரிகள் இடம்பெறுகின்றன என்றும் காட்டியது. பூமலையின் உலர்தாவரகத்தில் 750,000க்கும் மேற்பட்ட மாதிரிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பேரினத்தின் உறைகளுக்கும் கடைசியில் இனம் உறுதிசெய்யப்படாதவை என்று ஓர் உறை இருக்கும்; அடுத்த புதிய புதர் அதற்குள் இருப்பதற்கான வாய்ப்பு ஒரு மலையேற்றத்தில் கிடைப்பதற்கான வாய்ப்பைவிடக் குறைவானதன்று.

பெயர்

விதிமுறைகள் சுருக்கமானவை. 1958 ஜனவரி 1 முதல் புதிய சிற்றினப் பெயர் செல்லுபடியாக வகைமாதிரி ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். 1990 முதல் அது வைக்கப்பட்டிருக்கும் உலர்தாவரகத்தையும் சொல்லியாக வேண்டும். 2011 முடியும்வரை வேறுபாட்டுக் குறிப்பு இலத்தீனில் இருப்பது கட்டாயம். ஆகவே 2001இல் வந்த சிரிகித்தியேவுக்கும் இலத்தீன் வரிகள் தேவைப்பட்டன. 2012 முதல் ஆங்கிலமும் போதும், மின்னிதழும் போதும் என்றானது. எந்தப் பெயரையும் வைக்கலாம். தன் பெயரை வைத்துக்கொள்வது மட்டும் விதியால் அன்றி நாகரிகத்தால் தவிர்க்கப்படுகிறது.

பெயர் யாருடையது என்பது செடியின் விதியை மாற்றுமா என்ற கேள்வி சுண்ணாம்புக் குன்றுகளில் வெறும் வம்பு அல்ல. பேராக் மாநிலத்தில் ஈப்போவுக்கு வடக்கே உள்ள குனோங் காந்தானின் ஒரு பகுதி சிமெண்டுக்காக வெட்டப்பட்டுவந்தது. அங்கு மட்டுமே வாழும் நத்தை ஒன்று 2014இல் விவரிக்கப்பட்டபோது, அதன் விதி அந்தக் குன்றை வைத்திருந்த லஃபார்ஜ் நிறுவனத்தின் கையில் இருந்ததால், ஆய்வாளர்கள் அந்த நிறுவனத்தின் பெயரையே அதற்குச் சூட்டி சரோப்பா லஃபார்ஜை என்று வெளியிட்டார்கள். வேண்டுகோளும் குத்தலும் கலந்த பெயர் அது. உலக நாளேடுகளில் செய்தியானது. அதே குன்றின் பெயரைத் தாங்கிய ஒரு குகைச் சிலந்தியும், ஒரு பல்லியும், வாத்திக்கா காந்தானென்சிஸ் என்ற மரமும் உண்டு. இடப்பெயர் வைப்பதிலும் ஒரு தந்திரம் இருக்கிறது, ஏனெனில் குன்றை வெட்டும் அனுமதி பற்றிய ஒவ்வொரு ஆவணத்திலும் அந்தப் பெயர் தானாகவே வந்து நிற்கும்.

மறுபக்கம் வியட்நாமில் நேர்ந்தது. சுண்ணாம்புப் பாறையில் வளரும் ஆர்க்கிட்டான பாஃபியோபெடிலம் வியட்நாமென்ஸ் 1999இல் பெயர் பெற்றது. பெயர் வெளிவந்ததும் வணிகச் சேகரிப்பாளர்கள் அதன் வாழிடத்தைத் தேடிச் சென்று அள்ளியதில், சில ஆண்டுகளுக்குள் காட்டில் அது ஏறத்தாழ இல்லாமலே போனது. பன்னாட்டு வணிகத்தைத் தடைசெய்யும் பட்டியலில் அப்பேரினம் முழுவதும் ஏற்கெனவே இருந்தும் பயனில்லை. அழகிய வெண்பூவும் பான்சாய்க்கு ஏற்ற உடற்கட்டும் கொண்ட பேரினத்தில் பிறந்த ரைட்டியா சிரிகித்தியேவுக்கும் இந்த அபாயம் பொருந்தும். அரசியின் பெயர் அதற்கு ஒரு காப்பு என்றே நினைக்கிறேன். தாய்லாந்தில் அரசகுடும்பப் பெயர் கொண்ட ஒன்றைப் பொதுவெளியில் அலட்சியமாக நடத்துவது எளிதன்று. ஆனால் அதே பெயர் அதைத் தோட்டத்தில் வைத்துக்கொள்ளும் ஆசையையும் தூண்டுகிறது. விதையிலிருந்தும் பதியனிலிருந்தும் வளர்த்தவை விற்கப்படுமானால் அதில் தவறில்லை; பாறை வெடிப்பிலிருந்து பிடுங்கிய முதிர்ந்த அடிக்கட்டை விற்கப்படுமானால் அது வேறு. இரண்டையும் பார்த்ததும் பிரித்தறிய முடியும்: பாறையில் பல ஆண்டு நின்ற அடிக்கட்டை முடிச்சு விழுந்து ஒருபுறம் தட்டையாகியிருக்கும், வேர்கள் விரிந்த விசிறியாக இருக்கும், தொட்டியில் வளர்ந்தது உருண்டு திரண்டிருக்கும். பான்சாய் வாங்கும் நம் ஊர்க்காரர்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது, ஏனெனில் அந்த முடிச்சுக்குத்தான் அவர்கள் கூடுதல் விலை கொடுக்கிறார்கள்.

அழிநிலைக் கணக்கு

இப்போதெல்லாம் புதிய சிற்றினத்தை விவரிக்கும் கட்டுரையிலேயே அதன் அழிநிலை மதிப்பீடும் சேர்க்கப்படுகிறது. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் அளவுகோல்களின்படி இரண்டு பரப்புகள் கணக்கிடப்படும். பரவல் எல்லை என்பது பதிவான இடங்கள் எல்லாவற்றையும் உள்ளடக்கும் பலகோணத்தின் பரப்பு. வாழும் பரப்பு என்பது பக்கத்துக்கு 2 கிலோமீட்டர் கொண்ட கட்டங்களில் எத்தனையில் அது இருக்கிறது என்பது. வாழும் பரப்பு 10 சதுர கிலோமீட்டருக்குக் குறைவாக இருந்து, வேறு நிபந்தனைகளும் பொருந்தினால், மிக அருகிய நிலை. 500க்குக் குறைவாக இருந்தால் அருகிய நிலை.

இந்தக் கட்டத்தைச் சுண்ணாம்புக் குன்றின் மேல் வைத்துப் பாருங்கள். ஒரு கட்டம் 4 சதுர கிலோமீட்டர். சில ஹெக்டேர் மட்டுமே உள்ள குன்றின் ஒரு சரிவில் முப்பது புதர்கள் நின்றாலும் அது 4 சதுர கிலோமீட்டர் என்றே எழுதப்படும். தனித்தனிக் கட்டங்களில் விழும் இரண்டு குன்றுகள் என்றால் 8. மிக அருகிய நிலைக்கு இன்னும் இடமுண்டு. மூன்றாவது குன்றில் ஐந்து புதர்கள் கண்டுபிடிக்கப்பட்டால் 12 ஆகி, இந்த அளவுகோலின்படி செடி ஒரு படி பாதுகாப்பான வகைக்குப் போய்விடும். பாறையில் அது உண்மையில் ஊன்றி நிற்கும் இடம் ஒரு பள்ளி மைதானத்தைவிடச் சிறியதாக இருக்கலாம். எண்ணுக்கு அது தெரியாது. இந்தக் குறையை ஈடுகட்ட மற்றொரு வழி இருக்கிறது, அதைச் சுண்ணாம்புத் தாவரங்களுக்கு எழுதுபவர்கள் போதிய அளவு பயன்படுத்துவதில்லை என்பது என் கருத்து. அளவுகோலில் இடம் என்ற சொல் வரைபடப் புள்ளியைக் குறிப்பதில்லை. ஒரே அச்சுறுத்தலால் ஒருசேரப் பாதிக்கப்படக்கூடிய பகுதியைக் குறிக்கிறது. மூன்று குன்றுகளும் ஒரே குவாரி உரிமத்துக்குள் இருந்தால் அவை மூன்றல்ல, ஒன்று. எனவே எந்தக் குன்று எந்த நில வகைப்பாட்டில் இருக்கிறது, தேசியப் பூங்காவா, கோயில் நிலமா, குத்தகைக்கு விடப்பட்டதா என்பதை மாதிரியின் சீட்டிலேயே எழுதிவைப்பது, மகுடச் செதிலின் நீளத்தை எழுதுவதற்கு இணையான முக்கியத்துவம் உடையது. முதிர்ந்த செடிகளின் எண்ணிக்கையும் அப்படியே: 50க்குக் குறைவு என்றால் பரப்பை மறந்துவிட்டு நேரடியாகவே மிக அருகிய நிலையில் வைக்கலாம், ஆனால் யாராவது எண்ணியிருக்க வேண்டும்.

முழுக் குன்றும் போய்விட்ட முன்னுதாரணம் இருக்கிறது. பஹாங்கில் குவாந்தானுக்கு அருகிலிருந்த புக்கிட் பாஞ்சிங் முற்றிலும் வெட்டி எடுக்கப்பட்டது. அங்கே மட்டுமே வாழ்ந்த பிளெக்டோஸ்டோமா சியாஃபிலம் என்ற சிறு நத்தை அற்றுப்போனதாக அறிவிக்கப்பட்டது. நத்தை ஓடுகள் இறந்தபின்னும் மண்ணில் கிடப்பதால் அப்படி ஒன்று இருந்தது என்றாவது தெரியவந்தது. பூக்காத பருவத்தில் வெட்டப்பட்ட புதருக்கு அந்தச் சான்றும் மிஞ்சாது.

சிங்கப்பூரின் இடம்

சிங்கப்பூரில் சுண்ணாம்புக் குன்று கிடையாது. இங்குள்ள புக்கிட் தீமா குன்று கருங்கல். மேற்குப் பகுதியின் அடியில் சுண்ணாம்புக்கல் படிவங்கள் புதைந்திருப்பது துளையிடும் பணிகளில்தான் தெரியவந்தது, அவற்றின் மேல் எந்தக் காடும் இல்லை. ஆனால் நம் அடுக்குமாடிகள் நிற்பதற்கான சிமெண்ட் கடல்வழி வருகிறது. சிமெண்டின் மூலப்பொருள்களில் பெரும்பங்கு சுண்ணாம்புக்கல். எங்கோ வெட்டப்பட்ட குன்றின் பாறை இங்கே சுவராகிறது, அதே வட்டாரக் குன்றுகளின் செடிகள் இங்கே உலர்ந்த தாள்களில் இருக்கின்றன. இந்த இரட்டை நிலையைக் குற்ற உணர்வோடு பேசுவதால் எதுவும் ஆகாது. ஆனால் அதிலிருந்து ஒரு பொறுப்பு எழுகிறது, அது நடைமுறை சார்ந்தது.

முதலாவதும் முக்கியமானதும் பழைய சீட்டுகளின் இடக்குறிப்பு. பூமலையின் தொடக்ககால இயக்குநர் ரிட்லியின் காலத்திலும் அதற்குப் பின்னும் சேகரிக்கப்பட்ட மாதிரிகளின் சீட்டில் ஊரின் பெயரும், சுண்ணாம்புப் பாறை என்ற இரண்டு சொற்களும் மட்டுமே இருப்பதுண்டு. அந்த ஊரைச் சுற்றி எத்தனை குன்றுகள், அவற்றில் எது இன்னும் நிற்கிறது என்பதைப் பழைய நில அளவைப் படங்களோடும் செயற்கைக்கோள் படங்களோடும் ஒப்பிட்டுப் பொருத்தினால், ஒரு செடியின் கடைசிப் பதிவு இன்று குளமாகிவிட்ட குவாரியில் விழுகிறதா, நிற்கும் குன்றில் விழுகிறதா என்று சொல்லிவிடலாம். இதற்கு மலை ஏற வேண்டியதில்லை. படம் வாசிக்கத் தெரிந்த தொண்டூழியர்கள் செய்யக்கூடிய வேலை. மலாய் இடப்பெயர்களை ஆங்கிலேயர் எழுதிய பழைய எழுத்துக்கூட்டலில் அடையாளம் காண்பதற்குத் தோட்டப்புறங்களில் வளர்ந்த நம் மூத்தவர்களின் நினைவும் உதவும், ஏனெனில் அந்த ஊர்களில் பல ரப்பர் தோட்டங்களின் பெயராலேயே வழங்கப்பட்டவை.

இரண்டாவது, நேரடியாக ரைட்டியாவைப் பற்றியது. காயும் விதையும் மட்டும் கொண்டிருப்பதால் பெயரிடப்படாமல் நிற்கும் தாள்களை இலையின் மரபணு வரிசையைக் கொண்டு ஒப்பிட இப்போது வழி இருக்கிறது. விரல்நகம் அளவுக்கு இலைத் துணுக்கு போதும். பூவுள்ள வகைமாதிரிகளிலிருந்து ஒப்பீட்டு வரிசைகள் முதலில் எடுக்கப்பட்டாக வேண்டும், அந்த அடிப்படை இல்லாமல் துணுக்கின் வரிசை எதையும் சொல்லாது. வரிசை பொருந்தாத தாள் ஒன்று அகப்பட்டால், செய்ய வேண்டியது உடனே பெயர் சூட்டுவதல்ல. அந்தச் சீட்டில் உள்ள குன்றுக்கு, மழை தொடங்கி முதல் இலை விடும் வாரங்களில், சாராயக் குப்பியோடு ஒருவர் போய்வருவதற்கு உள்ளூர் வனத்துறையிடம் அனுமதி கேட்டு எழுதுவது.